முந்நூற்றுப் பன்னிரண்டு அடுப்புகள்

அத்தியாயம் 7

லிஃப்டின் கதவில் யாரோ பாவாடை காயப் போட்டிருந்தார்கள். அது ஓடி எத்தனை நாளாகியிருக்கும் என்று சத்யப்ரியா விசாரிக்கவில்லை.

"காலேப், ஆறாவது மாடி."

"மேடம், நான் இன்சூரன்ஸ் போடலை."

"நான் பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்தவ. போட்டிருந்தாலும் உனக்குக் கிடைச்சிருக்காது. ஏறு."

சத்யப்ரியாவுக்கு வயது நாற்பத்தாறு. பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு, மேற்கு தாம்பரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து நான்கு வருஷம் ஆகிறது. காலேப் அவளுடைய உதவியாளன். பைக் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், வாயை மட்டும் மூட மாட்டான்.

குடிசைவாசிகளை மாற்றிக் குடியேற்றிய பெரும்பாக்கம் குடியிருப்பின் படிக்கட்டில் பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான்காவது மாடியில் காலேப் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மேடம், மூச்சு வாங்குற நேரத்துல கேஸை இன்னொரு தடவை சொல்லுங்க. புகையை விக்கிறாங்க, கரெக்டா?"

"புகையை இல்லை. குறைஞ்ச புகையை."

"அதாவது, இல்லாததை."

"ஆமா."

"ரியல் எஸ்டேட்காரங்க பாவம், சும்மா பேர் கெட்டுப்போச்சு."

மூன்று நாள் முன்பு அலுவலகத்துக்கு வந்த ஓவியா இதைத்தான் நாகரிகமாகச் சொல்லியிருந்தாள். வெண்கதிர் ஃபண்ட் என்ற முதலீட்டுக் கம்பெனியின் அதிகாரி அவள். ஏழை வீடுகளுக்குப் புகையில்லா விறகு அடுப்பு இலவசமாகத் தருகிறார்கள். விறகு குறைகிறது, புகை குறைகிறது. குறைந்த புகைக்கு அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் கார்பன் கிரெடிட். பெரிய ஃபேக்டரிகள் அதை வாங்குகின்றன. அப்படி வருகிற பணத்தில் செம்பாக்கம் ஏரிக்கரையில் ஆறு டயாலிசிஸ் மெஷின்கள் ஓடுகின்றன. முப்பத்தாறு சிறுநீரக நோயாளிகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

வீடு வீடாகப் போய் அடுப்பைக் கொடுத்துப் போட்டோ எடுக்க வேண்டியவன் சக்தி. பதினோரு நாளாக அவனைக் காணவில்லை. போன் ஆஃப். காணாமல் போவதற்கு முன்பு அவன் அனுப்பியது முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் போட்டோ.

"அவனைக் கண்டுபிடிங்க மேடம். அடுப்பு நிஜமாவே வீடுகளுக்குப் போச்சா, இல்லையான்னு ரெண்டு வரி ரிப்போர்ட் கொடுங்க. வெள்ளிக்கிழமை ஈவினிங் அஞ்சு மணிக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் ஓவியா.

இன்று வெள்ளிக்கிழமை.

சக்தியைப் பற்றி சத்யப்ரியா விசாரித்து வைத்திருந்த விஷயம் ஒன்றுதான். அவனுடைய அப்பா கோதண்டம், கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், அந்த ஆறு மெஷின்களில் நான்காவதில் படுக்கிறார். திங்கள், புதன், வெள்ளி. மெஷின் நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

ஆறாவது மாடியில் கதவைத் திறந்தவள் அருள்மேரி. சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் தரை துடைக்கும் வேலை. சத்யப்ரியா போனில் இருந்த போட்டோவைக் காட்டினாள்.

"இது நீங்கதானேக்கா?"

அருள்மேரி எட்டிப் பார்த்தாள். "நான்தான். நேருல இவ்ளோ கலரா இல்லியேம்மா நானு. போன் நல்ல போனு."

"அந்த அடுப்பு எங்க இருக்கு?"

"கீது கீது. உள்ள எங்கியோ கீது."

உள்ளே என்பது பத்துக்குப் பன்னிரண்டு. சமையல் மேடையில் கேஸ் அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. சுவரில் மாதா படம், அதைச் சுற்றி ஒரு சீரியல் பல்பு வரிசை. எங்கியோ என்று சொல்ல அந்த வீட்டில் இடமில்லை.

சத்யப்ரியா போட்டோவைப் பெரிதாக்கினாள். பளபளக்கும் எஃகு அடுப்பு. அதன் வயிற்றில் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டுகள். நடுப்பொட்டு மட்டும் ஈரத்தில் வழிந்து, இடது பக்கமாக ஒரு வால் விட்டிருந்தது.

"அக்கா, உங்க வீட்ல புது சாமான் வாங்கினா பொட்டு வெப்பீங்களா?"

"நாங்க வேதக்காரங்கம்மா. சாமானுக்கு எதுக்குப் பொட்டு?"

"எங்கம்மா மிக்ஸிக்கு ஜெபம் பண்ணும்" என்றான் காலேப். "வாரண்டி முடிஞ்சும் ரெண்டு வருஷம் ஓடுச்சு. ஆனா பொட்டு கிடையாது."

சத்யப்ரியா விரலால் போட்டோக்களைத் தள்ளினாள். பதினேழாவது வீடு. எண்பதாவது வீடு. இருநூற்று நாற்பதாவது வீடு. பெண்கள் மாறினார்கள், சுவர்கள் மாறின, காலண்டர்கள் மாறின. பொட்டு மட்டும் மாறவில்லை. அதே மூன்று, அதே வால்.

"முந்நூத்துப் பன்னெண்டு வீடு, காலேப். ஒரே அடுப்பு."

"புகையில்லாத அடுப்பு தெரியும் மேடம். அடுப்பே இல்லாத புகையில்லாமை இப்பத்தான் பார்க்கிறேன்."

அருள்மேரி குக்கரை இறக்கினாள். இனி மறைப்பதில் பயனில்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சக்தி தம்பிதான் எடுத்துக்கினு வந்தான். இங்க வெச்சான், போட்டோ புடிச்சான், அடுத்த வூட்டுக்குத் தூக்கிகினு பூட்டான். நீயே சொல்லும்மா, ஆறாவது மாடில விறகு எரிச்சா மேல் வூட்டுக்காரன் சும்மா இருப்பானா? ஃபயர் இஞ்சினைக் கூப்புடுவான். எல்லாரும் கேஸுதான். குடிசைல இருந்தப்போ குடுத்திருந்தாலும் ஒரு அர்த்தம் கீது."

"தெரிஞ்சும் நின்னீங்களா?"

"எங்க பிளாக்குல நாலு பேரு அந்த மெஷின்ல படுக்குறாங்க. போட்டோவுல நின்னா மெஷின் ஓடும்னான். நின்னேன். இன்னா தப்பு?" அவள் சத்யப்ரியாவின் முகத்தைப் பார்த்தாள். "இத எழுதப் போறியா?"

"பார்த்ததை எழுதறதுதான்க்கா என் வேலை."

"எழுதுனா மெஷின் நிக்குமா?"

"அதை முடிவு பண்றது நான் இல்லை."

"யாரும்மா அப்போ?"

சத்யப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

படிக்கட்டிலேயே ஓவியாவுக்கு போன் போட்டாள். பொட்டு விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் ஒரு அதிர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். டைப் அடிக்கும் சத்தம்தான் வந்தது.

"சூப்பர் மேடம். இது போதும். ரெண்டு வரியா எழுதி, உங்க லெட்டர்ஹெட்ல இப்பவே மெயில் பண்ணிடுங்க. போட்டோஸும் அட்டாச் பண்ணுங்க."

"சக்தியை இன்னும் கண்டுபிடிக்கலை."

"பரவால்ல. அவன் கிடைக்கும்போது கிடைக்கட்டும். அவசரமில்ல."

போன் கட்டானது. மூன்று நாள் முன்பு முதல் வேலையாக இருந்தவன் இன்று அவசரமில்லாதவன் ஆகிவிட்டான். சத்யப்ரியாவுக்குக் காலில் முள் மாதிரி உறுத்தியது. ஆனால் கேட்டது ரிப்போர்ட். அது கையில் இருந்தது. உண்மையாகவும் இருந்தது.

காலேப் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து போனிலேயே அடித்து முடித்தான். "களத்தில் அடுப்புகள் விநியோகிக்கப்படவில்லை. போட்டோக்கள் போலி. அனுப்பவா?"

"அனுப்பு."

மணி பன்னிரண்டு பத்து.

"வேலை முடிஞ்சுது. மேடவாக்கத்துல ஒரு பிரியாணி?"

"செம்பாக்கம் போ."

"அவன் அவசரமில்லைன்னு சொன்னாங்களே."

"அதனாலதான்."

மேடவாக்கம் கூட்ரோடில் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே புகுந்து செம்பாக்கம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டுக்கூடம்தான் டயாலிசிஸ் மையம். மணவறை இருந்த இடத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் டேங்க்குகள் நின்றன.

பொறுப்பு நர்ஸ் ஏஞ்சல் கையுறையைக் கழற்றாமலே பேசினாள். "சக்தியா? பத்து நாளுக்கு மேல ஆச்சு மேடம், இந்தப் பக்கமே வரலை. அவங்கப்பாவை அம்மாதான் ஆட்டோவுல கூட்டிட்டு வர்றாங்க."

"ஒரு கேள்வி சிஸ்டர். இந்த மையம் இல்லைன்னா இவங்க எங்க போவாங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில வரிசை இருக்கு. பேர் கொடுத்துட்டுக் காத்திருக்கணும்."

"எத்தனை நாள் காத்திருக்கலாம்?"

ஏஞ்சல் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு தடவை விட்டா கால் வீங்கும், படுக்க முடியாது. மூணாவது தடவை விட்டா நுரையீரல்ல தண்ணி. நாலாவதுக்கு நான் யாரையும் பார்த்ததில்ல."

நான்காவது மெஷினில் கோதண்டம் கண்களை மூடிக் கிடந்தார். கடல் வேலை செய்த அகலமான தோள்கள். அதற்குக் கீழே உடம்பு இல்லை. அவருடைய ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், இன்னொரு குழாயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. கால்மாட்டில் அவர் மனைவி முனியம்மா மீன் கூடையைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

சத்யப்ரியா மூக்கை உறிஞ்சினாள். மருந்து வாடையை மீறி ஒரு வாசம்.

"காலேப், உனக்கு என்ன வாசம் வருது?"

"மேடம், சாப்பிடாத ஆளுகிட்ட கேக்கற கேள்வியா இது? நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காயும் கிடக்கு."

கட்டிலுக்கு அடியில் இரண்டு டிபன் கேரியர்கள் இருந்தன.

"சிஸ்டர், இங்க படுக்கிறவங்க கருவாடு சாப்பிடலாமா?"

"கருவாடா? அவருக்கு ஊறுகாயைக் காட்டக்கூடக் கூடாது. உப்பே இல்லாத சோறு."

"அந்தம்மா சாப்பிடுவாங்களோ?"

"வெள்ளிக்கிழமையில அவங்க கவுச்சி தொடமாட்டாங்க. ஏன் மேடம்?"

சத்யப்ரியா காலேப்பைப் பார்த்தாள். காலேப் ஏற்கெனவே எழுந்துவிட்டான்.

"இவருக்கு ஆகாது, அவங்க தொட மாட்டாங்க" என்றான் மெதுவாக. "அப்ப அந்தக் கருவாட்டுக்கு ஒரு வாய் தேவைப்படுது. என் வாய் இல்லைன்னா சக்தி வாய்."

பத்து நிமிஷம் கழித்து முனியம்மா இரண்டாவது கேரியரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினாள். மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரக் கிடங்கு. கதவை இரண்டு தட்டு தட்டி, கேரியரை உள்ளே நீட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். அவள் மறைந்ததும் காலேப் அதே மாதிரி இரண்டு தட்டு தட்டினான்.

"இன்னாம்மா மறந்துட்ட?" என்றபடி கதவைத் திறந்தவன் முப்பது வயது இளைஞன். பதினோரு நாள் தாடி. கையில் பிசைந்த சோறு.

"ஒண்ணும் மறக்கலை. நீ சாப்பிட்டுக்கினே பேசு மச்சான்" என்றான் காலேப். "சூடு ஆறினா கருவாடு கோவிச்சுக்கும்."

உள்ளே கூரை வரை அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றின் மேலும் அடுப்புப் படம். சீல் பிரிக்காதவை. ஒரே ஒரு அடுப்பு மட்டும் பெட்டிக்கு வெளியே, ஒரு செங்கல் மேல் நின்றது. மஞ்சள், மூன்று பொட்டு, நடுவில் வால்.

"நான்தான் சக்தி. தெரியும்ல உங்களுக்கு. ஓவியா மேடம் அனுப்பிச்சாங்களா?" அவன் குரலில் பயத்தைவிட எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது. "நான் வெளிய வரலாமாமா?"

சத்யப்ரியா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "நீ காணாமல் போயிட்டேன்னு அவங்க எங்ககிட்ட வந்தாங்க."

"நான் எங்க காணாமப் போனேன்? அவங்கதான் ரெண்டு வாரம் லீவுல போ, போனை ஆஃப் பண்ணு, ஆடிட்டர் வந்துட்டுப் போறவரைக்கும் கண்ணுல படாதேன்னாங்க. போட்டோ எடுக்குற டேப்லெட்டையும் வாங்கிக்கினாங்க."

"போட்டோ எல்லாம் பொய்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"பொங்கல் முடிஞ்சதுமே நான் சொல்லிட்டேன் மேடம். மாடி வூட்டுல இந்த அடுப்பை யாரும் பத்த வெக்க மாட்டாங்க, வேற எதுனா பண்ணலாம்னேன். 'கணக்கு குறைஞ்சா மெஷின் நிக்கும் சக்தி, நீ போட்டோவை மட்டும் அனுப்பு'ன்னாங்க. எங்கப்பா படுத்திருக்கிற மெஷின் மேடம். நான் இன்னா பண்ணுவேன்?"

"அந்த மெசேஜ் இருக்கா?"

"எல்லாம் டேப்லெட்லதான்."

காலேப் அந்த அடுப்பைத் தூக்கிப் பார்த்தான். "முந்நூறு வீட்டுக்கு இதைச் சுமந்தவன், ஒரு ஈரத் துணியால பொட்டைத் துடைச்சிருந்தா மாட்டியிருக்க மாட்டியே, மச்சான். இல்லை, வேற பெட்டியைப் பிரிச்சிருக்கலாம்."

"பிரிச்சா கிடங்குக் கணக்குல தெரிஞ்சிடும். இது ஒண்ணுதான் சாம்பிள்." சக்தி சோற்றைத் தட்டில் வைத்துவிட்டான். "மொதல் போட்டோ எங்க வூட்டுலதான் எடுத்தேன். புதுசுன்னு எங்கம்மா பொட்டு வெச்சுது. மறுநாள் துணியை நனைச்சு எடுத்துக்கினு குந்தினேன். அப்பாவுக்கு அன்னிக்கி ஊசி ஏறலைன்னு போன் வந்துச்சு." அவன் சத்யப்ரியாவைப் பார்க்கவில்லை. "அம்மா கையால வெச்ச குங்குமத்த, அந்த நேரத்துல நான் எப்பிடி மேடம் அழிப்பேன்?"

சத்யப்ரியா போனை எடுத்து ஓவியாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க மேடம். ரிப்போர்ட் பர்ஃபெக்டா இருந்துச்சு. பேமென்ட் இன்னைக்கே போட்டுடறேன்."

"அஞ்சு மணிக்கு என்ன ஓவியா?"

"புரியல."

"ஆடிட்டர் வந்தா காலையில வருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணின்னு ஒரு கெடு வெச்சீங்க. சக்தியை ஒளியச் சொன்னதே நீங்க. ஆனா தேடச் சொன்னீங்க. உங்களுக்கு வேண்டியது அவன் இல்லை, என் லெட்டர்ஹெட். அஞ்சு மணிக்கு என்ன?"

அந்த மரியாதையான குரல் கொஞ்சமும் மாறாமல் பேசியது.

"நாளையிலேர்ந்து கவர்ன்மென்டோட புது ரூல் மேடம். கேஸ் கனெக்‌ஷன் இருக்கிற வீட்டுக்கு அடுப்பு கிரெடிட் கிடையாது. லிஸ்ட்லேர்ந்தே எடுத்துட்டாங்க. இனிமே அலையாத்திக் காடு, சோலார், இதுக்குத்தான். எங்க பணமும் அங்கதான் போகும். யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணுவாங்க."

"போகட்டும். மையம்?"

"ரூல் மாறினதால நாங்க விலகினா, இன்னும் ரெண்டு வருஷம் மையத்தை நாங்களே நடத்தணும்னு அக்ரிமென்ட். களத்துல மோசடின்னு வெளியாள் யாராவது எழுதிக் கொடுத்தா, அன்னைக்கே விலகலாம். ரூல் வர்றதுக்கு முன்னாடி கொடுக்கணும். அவ்வளவுதான்."

"முப்பத்தாறு பேர் ஓவியா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதை நான் ஆரம்பிக்கல. அடுப்பு போடுங்க, உங்களுக்குக் கிரெடிட் தர்றோம்னு சொன்னதும் கவர்ன்மென்ட். இப்ப இல்லைன்னு சொல்றதும் அவங்க. நடுவுல நாங்க ஆறு மெஷின் வாங்கிப் போட்டோம்."

"நான் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கறேன்."

"தாராளமா. ஆனா போர்டுல எல்லாருக்கும் போயிடுச்சு. லீகல் நோட்டீஸும் ரெடி. நீங்க எழுதினது பொய்யா மேடம்?"

சத்யப்ரியா உதட்டைக் கடித்தாள். "இல்லை."

"அப்புறம் என்ன காரணம் போட்டு வாபஸ் வாங்குவீங்க? சக்தி மேல கம்ப்ளைன்ட் கொடுத்தாச்சு. அவன் உங்ககிட்ட இருந்தா, தானா போலீஸ் ஸ்டேஷன் போயிடறது நல்லது. வைக்கட்டுமா?"

வைத்துவிட்டாள்.

சக்தி பெட்டிகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தான். "நான் பாத்துக்கறேன்னு சொன்னாங்க மேடம்" என்றான். இரண்டு தடவை சொன்னான்.

"மேடம்" என்றான் காலேப். "நாம இன்னொரு ரிப்போர்ட் எழுதலாம். அவங்களுக்கும் தெரியும்னு."

"ஆதாரம்?"

"இவன் இருக்கான்ல."

"போலி போட்டோ எடுத்தவன். அவன் வார்த்தையை எந்த கோர்ட் எடுக்கும்? எடுத்தாலும் எத்தனை வருஷம்?" அவள் சிஸ்டர் சொன்ன கணக்கை விரல்களில் எண்ணினாள். திங்கள், புதன், வெள்ளி. நான்காவது விரலில் நிறுத்தினாள்.

பதினெட்டு வருஷம் பொய்களைப் பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னவன் தோற்றான். இன்று அவள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு.

முனியம்மா காலி கேரியருக்காக வந்திருந்தாள். உள்ளே ஆட்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். சக்தி, "ஆபீஸ்காரங்கம்மா" என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ லீவு முடிஞ்சுதா? அப்பாடா. புள்ள இந்த இருட்டுல எலியோட கெடக்குது." அவள் கண் காலேப்பின் கையிலிருந்த அடுப்பில் விழுந்தது. தூக்கிய இடத்தில் அவன் கட்டைவிரல் பட்டு நடுப்பொட்டு தேய்ந்திருந்தது. "இன்னாப்பா நீ, இப்பிடியா புடிப்பாங்க? அழிச்சுட்டியே."

"ஸாரிம்மா" என்றான் காலேப். "எனக்குப் பழக்கமில்ல."

அவள் தன் நெற்றியில் விரலை ஒற்றி, அந்தக் குங்குமத்தை அடுப்பின் நடுவில் அழுத்தி வைத்தாள். இந்த முறை வழியவில்லை. வட்டமாக, சுத்தமாக நின்றது.

பின்னாலேயே ஏஞ்சல் வந்தாள். கையுறை இல்லை. கையில் போன். "மேடம், இப்ப ஒரு மெயில் வந்திருக்கு. நாளையிலேர்ந்து யாருக்கும்..." என்று ஆரம்பித்தவள், முனியம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

முனியம்மா கேரியரை மூடிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்த சிஸ்டரு. திங்கக்கிழமை எத்தினி மணிக்கு இட்டாரணும்? காலைல போட்டியின்னா, நான் மீனை முடிச்சுட்டு வந்துடுவேன்."

ஏஞ்சல் சத்யப்ரியாவைப் பார்த்தாள்.